பதின்பருவப் பிள்ளைகளுக்கு இதயத் தசை அழற்சி: ஊசியால் எவ்வளவு, கொரோனாவால் எவ்வளவு?

இதயத் தசை அழற்சி என்றால் மாரடைப்பா?

இல்லை. மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைபட்டு, ரத்தம் கிடைக்காமல் தசை சாகிறது. மயோகார்டைட்டிஸ் எனப்படும் இதயத் தசை அழற்சியில் குழாய்கள் திறந்தேதான் இருக்கும். தசைக்குள் நோய் எதிர்ப்பு அணுக்கள் புகுந்து வீக்கம் உண்டாக்குகின்றன. இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி வந்தால் அது பெரிகார்டைட்டிஸ். பல பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்தே வரும். குழப்பம் எங்கே வருகிறது என்றால், மாரடைப்பில் உயரும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை அளவு இதிலும் உயரும், இசிஜியிலும் ஒத்த மாற்றங்கள் தெரியும். 16 வயதுப் பையனின் இசிஜியைப் பார்த்துவிட்டு யாராவது ‘ஹார்ட் அட்டாக்’ என்று சொன்னால், பெரும்பாலும் இந்த அழற்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கொரோனாவுக்கு முன்பும் இது இருந்ததா?

நிறையவே. காக்சாக்கி பி, அடினோ, பார்வோ பி19, இன்ஃப்ளூயன்சா எனப் பல வைரஸ்கள் இதைக் கொண்டுவரும். சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து போய், ஒரு வாரம் பத்து நாள் கழித்து நெஞ்சு வலிக்கும். நம் ஊரில் டெங்குவும் ஸ்க்ரப் டைபஸும் இதயத் தசையைத் தொடுவதுண்டு. பாக்டீரியாவில் பழைய எதிரி தொண்டை அடைப்பான் (டிப்தீரியா). அந்தக் கிருமியின் நஞ்சு, நோய் வந்தவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேரின் இதயத்தைத் தாக்கும், அதுவும் தொண்டை ஆறிவரும் நேரத்தில். 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளியில் போடும் டி.டி. ஊசியை ‘வெறும் டெட்டனஸ் ஊசிதானே’ என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாவது ‘டி’ தொண்டை அடைப்பானுக்கானது.

எந்தக் கொரோனா ஊசியில் இந்தப் பிரச்சினை?

முக்கியமாக எம்ஆர்என்ஏ வகையில் (வைரஸின் ‘ஸ்பைக்’ புரதத்தை உடலே செய்துகொள்ளக் குறிப்புத் தரும் ஊசி), அதாவது ஃபைசர், மாடர்னா இரண்டிலும். 2021 வசந்த காலத்தில் இஸ்ரேலில் முதலில் கவனித்தார்கள். அதே ஆண்டு ஜூன் 25 அன்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டு ஊசிகளின் தகவல் தாள்களிலும் எச்சரிக்கையைச் சேர்த்தது. புரத வகை நோவாவாக்ஸுக்கும் 2022 ஆகஸ்டில் ஐரோப்பிய மருந்து முகமை இதே எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

என் மகனுக்குத் தமிழ்நாட்டில் பள்ளியில் போட்டார்கள். அவனுக்கும் இந்த ஆபத்து இருந்ததா?

இந்தக் கணக்கு அவனுக்குப் பொருந்தாது. இந்தியாவில் 15 முதல் 17 வயதினருக்கு 2022 ஜனவரி 3 முதல் போட்டது கோவாக்சின், செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனது. 12 முதல் 14 வயதினருக்கு மார்ச் 16 முதல் கோர்பிவேக்ஸ், புரத வகை. இரண்டும் எம்ஆர்என்ஏ அல்ல. 2024இல் தொலைக்காட்சிகளில் ஓடிய கோவிஷீல்டு விவகாரம் ரத்தம் உறைவது பற்றியது. அது வேறு கதை, பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஊசி போடப்படவும் இல்லை. சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன், வளைகுடா நாடுகளில் படித்த பிள்ளைகளுக்கும், 2021 இறுதியில் ஃபைசர் போட்ட இலங்கைப் பள்ளி மாணவர்களுக்கும்தான் கீழே வரும் எண்கள் நேரடியாகப் பொருந்தும்.

ஊசிக்குப் பிறகு எத்தனை பேருக்கு வந்தது?

‘லட்சத்தில் ஒருவர்’ என்றும் ‘மூவாயிரத்தில் ஒருவர்’ என்றும் இரண்டு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டும் பொய்யல்ல, வேறு வேறு ஆட்களைப் பற்றிய எண்கள். எல்லாவற்றையும் லட்சக் கணக்குக்கு மாற்றினால் இப்படி வரும்:

அமெரிக்கா, ஃபைசர் இரண்டாம் டோஸ், 16–17 வயது ஆண்கள்: லட்சம் டோஸுக்கு ஏறத்தாழ 10.6. அதே வயதுப் பெண்கள்: 1.1. 12–15 வயது ஆண்கள்: 7.1.
இஸ்ரேல், ஃபைசர் இரண்டாம் டோஸ், 16–19 வயது ஆண்கள்: 6,637 பேரில் ஒருவர், அதாவது லட்சத்துக்கு 15.
ஹாங்காங், ஃபைசர் இரண்டாம் டோஸ், 12–17 வயது ஆண்கள்: லட்சத்துக்கு 37.
டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் சேர்ந்து, 16–24 வயது ஆண்கள், இரண்டாம் டோஸால் கூடுதலாக வந்தவை: ஃபைசருக்கு லட்சத்துக்கு 5.6, மாடர்னாவுக்கு 18.4.

ஒரே ஊசிக்கு 5.6, 10.6, 15, 37 என்று எப்படி வரும்?

அமெரிக்காவின் 10.6 மருத்துவர்களும் குடும்பத்தாரும் தாங்களே முன்வந்து புகார் கொடுக்கும் முறையில் கிடைத்தது. புகார் கொடுக்காதவர்கள் விடுபடுவார்கள். இஸ்ரேலிலும் ஹாங்காங்கிலும் மருத்துவமனைகளை எச்சரித்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நெஞ்சு வலி என்று வந்த ஒவ்வொரு பையனுக்கும் ட்ரோபோனின் பார்த்தால், வழக்கமாகக் கவனத்துக்கு வராத லேசானவையும் மாட்டும். வயது வரம்பு, இரண்டு டோஸ்களுக்கு இடையிலான நாட்கள், எத்தனை நாள் வரை கணக்கில் எடுத்தார்கள் என்பதும் எண்ணை மாற்றும். நாளிதழில் ஓர் எண் வந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள்: எந்தப் பால், எந்த வயது, எந்த ஊசி, எத்தனையாவது டோஸ், எத்தனை நாள் இடைவெளி. ஐந்தில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கொரோனா தொற்றால் எத்தனை பேருக்கு வரும்?

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கு. 40 மருத்துவமனைக் குழுமங்களின் பதிவேடுகள். 12–17 வயது ஆண்களில் தொற்றுக்குப் பிறகு லட்சத்துக்கு 50 முதல் 65, இரண்டாம் டோஸுக்குப் பிறகு 22 முதல் 36. ‘ஊசியைவிட நோயே இரண்டு மடங்கு ஆபத்து’ என்று எல்லோரும் சொல்வது இதை வைத்துத்தான்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊசி போட்டவர்கள் எத்தனை பேர் என்பது ஏறக்குறையத் துல்லியமாகத் தெரியும், ஊசிக்குப் பதிவு உண்டு. தொற்று வந்தவர்கள் எத்தனை பேர் என்பது அப்படித் தெரியாது. அந்தக் கணக்கில் வகுத்தது மருத்துவமனைப் பதிவேட்டில் ‘பாசிட்டிவ்’ என்று ஏறியவர்களால். வீட்டிலேயே இரண்டு நாள் சளியோடு படுத்து எழுந்தவர்கள் அதில் இல்லை. 2022 பிப்ரவரியில் ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது 17 வயது வரையுள்ள அமெரிக்கப் பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரிடம் தொற்றின் தடயம் இருந்தது. பதிவான எண்ணிக்கையை அது வெகுவாகத் தாண்டியது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவான தொற்றுகளில் லட்சத்துக்கு 60 பேருக்கு அழற்சி. நான்கு தொற்றில் ஒன்றுதான் பதிவாகிறது என்று வைத்துக்கொண்டால், உண்மையான தொற்றில் லட்சத்துக்கு 15. இப்போது ஊசியின் 22–36 பெரிதாகத் தெரிகிறது! அந்த ‘நான்கில் ஒன்று’ நாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அதை மூன்று என்றோ ஆறு என்றோ மாற்றினாலே விடை எப்படிப் புரளும் என்று தெரிகிறதல்லவா? மறுபக்கம், தொற்றால் வரும் அழற்சியிலும் கண்டுபிடிக்கப்படாமல் போனவை உண்டு. ஊசிக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்தால் உடனே ஓடினார்கள். காய்ச்சலோடு நெஞ்சு வலித்தால் ‘சளிதான்’ என்று இருந்துவிட்டார்கள்.

அப்படியானால் எது பெரிது? நேராகச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் தொற்றுதான் பெரிது. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 1.4 கோடிப் பேரின் பதிவுகளை வைத்து 2025இல் வந்த ஆய்வு இதுவரை வந்தவற்றில் ஆகப் பெரியவற்றில் ஒன்று. ஆறு மாதத்தில் தொற்றால் கூடுதலாக லட்சத்துக்கு 2.24, ஃபைசர் ஊசியால் கூடுதலாக 0.85. ஊசியின் ஆபத்து முதல் நான்கு வாரத்தோடு அடங்கிவிட்டது, தொற்றின் பின்விளைவு மாதக்கணக்கில் நீண்டது.

ஆனால் 16 முதல் 24 வயது ஆண், மாடர்னா, இரண்டாம் டோஸ், குறுகிய இடைவெளி என்ற நான்கும் ஒன்றுசேர்ந்தால் தராசு மறுபக்கம் சாயும். இங்கிலாந்தில் 40 வயதுக்குட்பட்ட ஆண்களைப் பார்த்தபோது மாடர்னா இரண்டாம் டோஸால் பத்து லட்சத்துக்குக் கூடுதலாக 97 பேர், தொற்றால் 16 பேர். இதைச் சொல்லாமல் ‘நோயே எப்போதும் மோசம்’ என்று எல்லா வயதுக்கும் ஒரே பல்லவி பாடியது, நம் கருத்தில், பெற்றோரின் நம்பிக்கையைத்தான் கெடுத்தது. 2021 அக்டோபரில் சுவீடன் 30 வயதுக்குட்பட்டோருக்கு மாடர்னாவை நிறுத்தியது. பின்லாந்து அதே வயது ஆண்களுக்கு நிறுத்தியது. ஊசித் திட்டத்தை மூடவில்லை, ஃபைசருக்கு மாறினார்கள், அவ்வளவுதான்.

ஊசி போட்டாலும் தொற்று வருகிறதே, பிறகு இரண்டு ஆபத்தும் சேர்ந்துதானே வரும்?

நல்ல கேள்வி. ‘ஊசியா, தொற்றா’ என்பது ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை என்ற விஷயம் அல்ல. ஓமைக்ரானுக்குப் பிறகு ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது. ஆனால் ஊசிக்குப் பின் வந்த தொற்று இதயத்தைக் குறைவாகத் தொட்டது. 40 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான எண்களைத் தந்த அதே இங்கிலாந்து ஆய்வில், ஊசி போடாதவர்களுக்குத் தொற்றுக்குப் பிறகு அழற்சி வரும் வாய்ப்பு வழக்கத்தைப்போல 11 மடங்கு, போட்டவர்களுக்கு 6 மடங்கு. எல்லா வயதினரும் சேர்ந்த எண் இது.

எம்ஐஎஸ்-சி என்கிறார்களே, அது இந்தக் கணக்கில் எங்கே வரும்?

பல ஒப்பீடுகளில் வராது, வர வேண்டும். தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து, உடல் முழுவதும் கிளம்பும் அழற்சி இது. விடாத காய்ச்சல், சிவந்த கண், தோல் தடிப்பு, வயிற்று வலி, பிறகு ரத்த அழுத்தம் விழும். வயிற்று வலியைப் பார்த்து அப்பெண்டிக்ஸ் என்று நினைத்த சம்பவங்களும் உண்டு. அமெரிக்காவில் 2020இன் முதல் அலையில் 21 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 3,200 தொற்றுக்கு ஒன்று. ஃபைசர் இரண்டு டோஸ் 12–18 வயதினரிடம் இதை 91 சதவீதம் தடுத்தது. ஓமைக்ரான் காலத்தில் எம்ஐஎஸ்-சி தானாகவே வெகுவாகக் குறைந்துவிட்டது. 2021இன் தராசை இன்று அப்படியே எடுத்து வைக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எது தீவிரமாக இருக்கும்?

எண்ணிக்கையை வைத்தே சண்டை போடுகிறார்கள், இதுதான் அதைவிட முக்கியம். அமெரிக்காவின் 38 மருத்துவமனைகளில் ஊசிக்குப் பின் அழற்சி வந்த 333 பேரை எம்ஐஎஸ்-சி வந்த 100 பேரோடு ஒப்பிட்டார்கள். இதயம் ரத்தத்தை இறைக்கும் திறன் குறைந்தது முதல் குழுவில் 17 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 68 சதவீதம் பேருக்கு. ஊசிக் குழுவில் யாரும் இறக்கவில்லை. இஸ்ரேலில் ஊசியோடு தொடர்புபடுத்திய 136 பேரில் 129 பேருக்கு லேசாகவே இருந்தது, ஒருவர் இறந்தார்.

இந்தப் பக்கத்திலும் ஒரு முள் இருக்கிறது. அந்த 333 பேரில் எம்ஆர்ஐ எடுத்தவர்களில் 82 சதவீதம் பேரின் தசையில் சாயம் தங்கும் திட்டுகள் தெரிந்தன. மீண்டும் எடுத்தபோது 60 சதவீதம் பேரிடம் அவை மிச்சம் இருந்தன, பெரும்பாலும் முன்பைவிடச் சுருங்கி. பிள்ளை நன்றாக இருக்கிறான், எக்கோ சரியாக இருக்கிறது, ஆனாலும் படத்தில் தழும்பு. அதனால்தான் ‘சரியாகிவிட்டது’ என்று அனுப்பிய பிறகும் ஆண்டுக்கொரு முறை இதய மருத்துவரிடம் காட்டச் சொல்கிறோம்.

பையன்களுக்கு மட்டும் ஏன்?

பெண்களுக்கும் வரும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆண் ஹார்மோன் அழற்சியைத் தூண்டும் என்பது ஒரு விளக்கம். வைரஸால் வரும் சாதாரண அழற்சியும் இளம் ஆண்களையே அதிகம் தேடிப் போகிறது என்பது இதோடு பொருந்துகிறது. அழற்சி வந்தவர்களின் ரத்தத்தில் சைட்டோகைன்கள் (அழற்சியைக் கிளப்பும் தூதுப் பொருட்கள்) எக்கச்சக்கமாக இருந்தன, ஸ்பைக் புரதம் முழுதாகச் சுற்றிக்கொண்டிருந்ததையும் பாஸ்டனில் 2023இல் காட்டினார்கள்.

இடைவெளி உண்மையில் வேலை செய்யுமா?

செய்யும். கனடாவின் ஒண்டாரியோவில் 30 நாட்களுக்குள் இரண்டாம் டோஸ் போட்டவர்களைவிட 56 நாள் தாண்டிப் போட்டவர்களுக்குக் குறைவாக வந்தது. அதனால் கனடா 8 வாரம் என்றது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவும் 12–39 வயது ஆண்களுக்கு அதையே சொன்னது. பிரிட்டன் 12 வாரம். ஹாங்காங் 2021 செப்டம்பரில் பிள்ளைகளுக்கு ஒரு டோஸே போதும் என்று மாறியது.

ஊசியோ காய்ச்சலோ, எதைக் கவனிக்க வேண்டும்? எப்போது ஓட வேண்டும்?

ஊசியென்றால் அறிகுறி வழக்கமாக 2ஆம் நாள் முதல் 4ஆம் நாளுக்குள் வரும், ஒரு வாரம் வரை கண்ணில் வைத்திருங்கள். நெஞ்சில் அழுத்தம் அல்லது குத்தல், மூச்சு வாங்குதல், ஓய்வில் இருக்கும்போதே படபடப்பு, மயக்கம். படுத்தால் வலி கூடி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறைந்தால் உறை அழற்சியாக இருக்கலாம். விரலால் நெஞ்செலும்பு ஓரத்தை அழுத்தினால் அதே இடத்தில் அதே வலி வந்தால் பெரும்பாலும் தசைப்பிடிப்பு. அழுத்தியும் வலி மாறவில்லையென்றால் அன்றே பார்க்க வேண்டும். மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் 108.

மருத்துவமனையில் மூன்றைக் கேளுங்கள்: இசிஜி, ட்ரோபோனின், சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). மூன்றும் இயல்பாக இருந்தால் இதயத் தசை அழற்சிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. வலி தொடங்கிச் சில மணி நேரமே ஆகியிருந்தால் ட்ரோபோனினைச் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், முதல் முறை ஏறாமல் இருக்கக்கூடும். மூன்றில் ஒன்று இயல்பாக இல்லாவிட்டாலும் எக்கோ, பிறகு தேவைப்பட்டால் இதய எம்ஆர்ஐ. எக்கோ மட்டும் எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. லேசான அழற்சியில் எக்கோ இயல்பாகவே இருக்கும்.

வலிக்கு இபுப்ரோஃபென் கொடுக்கலாமா?

ஊசிக்குப் பின் வந்த அழற்சி என்று மருத்துவர் உறுதி செய்தால் அதைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஆனால் நம் ஊரில், மழைக்காலத்தில், காய்ச்சலோடு நெஞ்சு வலி என்றால் முதலில் டெங்கு இல்லை என்று தெரிய வேண்டும். டெங்குவில் இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும். அதுவரை பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 40 கிலோ பிள்ளைக்கு 600, ஆகவே கையில் கிடைக்கும் 500 மாத்திரை ஒன்று போதும்.

எப்போது மறுபடி விளையாடலாம்?

அழற்சி உறுதியானால் 3 முதல் 6 மாதம் வரை போட்டி விளையாட்டு, ஓட்டம், ஜிம், பளு தூக்குதல் எல்லாம் நிறுத்தம். வீங்கிய தசையை விரட்டினால் துடிப்புக் கோளாறு வந்து திடீர் மரணம் நேரலாம். திரும்பும் முன் ட்ரோபோனின், சிஆர்பி, எக்கோ இயல்பாகி, 24 மணி நேர ஹோல்டரிலும் (உடலில் மாட்டி இதயத் துடிப்பைப் பதியும் கருவி) டிரெட்மில் சோதனையிலும் கோளாறு இல்லையென்று தெரிய வேண்டும். பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் பி.டி. ஆசிரியர் மாறும்போது மறந்துபோகும்.

அழற்சி இல்லாவிட்டாலும் எம்ஆர்என்ஏ ஊசி போட்ட பிறகு சில நாள் அடக்கிவாசிப்பது நல்லது. சிங்கப்பூரில் 2021 ஜூனில் முதல் டோஸ் போட்டு ஆறாவது நாள் பளு தூக்கிய 16 வயது மாணவர் மயங்கி விழுந்தார். ஊசியோடு தொடர்புள்ள தீவிர அழற்சி என்றும், கடும் பளுவும் அதிகக் காஃபீனும் அதை மோசமாக்கியிருக்கலாம் என்றும் சொன்ன அரசு, 2,25,000 சிங்கப்பூர் வெள்ளி உதவித்தொகை கொடுத்தது. பிறகு அங்கே 30 வயதுக்குட்பட்ட ஆண்களும் பதின்பருவத்தினரும் இரண்டு வாரம் கடும் உடற்பயிற்சி செய்யக்கூடாது என்று அறிவித்தார்கள்.

ஒருமுறை வந்தவன் அடுத்த டோஸ் போடலாமா?

பொதுவாக வேண்டாம் என்பதே அறிவுரை. விதிவிலக்கை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்றைக்கு என் 15 வயதுப் பிள்ளைக்குக் கொரோனா ஊசி தேவையா?

ஆரோக்கியமான பிள்ளைக்கு இன்று கிடைக்கும் பலன் சிறியது. அநேகமாக ஒன்றுக்கு மேற்பட்ட முறை தொற்று வந்து போயிருக்கும். உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2023 மார்ச்சிலேயே இவர்களைக் குறைந்த முன்னுரிமைக் குழுவில் வைத்தது. ஆபத்தும் 2021ஐவிடக் குறைந்திருக்கிறது. 2023–24 ஊசிக்கு எஃப்டிஏ சேர்த்த எண் 12–24 வயது ஆண்களில் பத்து லட்சம் டோஸுக்கு 27, அதாவது லட்சத்துக்கு 2.7. இரு பக்கமும் இலகுவாகிவிட்ட தராசு இது. போடாமல் இருப்பதும் தவறில்லை. ஆனால் உறுப்பு மாற்று, புற்றுநோய் சிகிச்சை, கடுமையான நுரையீரல் அல்லது இதய நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்று இருக்கும் பிள்ளைக்கு நாங்கள் போடச் சொல்வோம், 8 வாரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டு.

எம்ஐஎஸ்-சிக்கு ஐவிஐஜி (நரம்பு வழியே ஏற்றும் நோய் எதிர்ப்புப் புரத மருந்து) ஏற்றினார்கள். அதன் பிறகு மற்ற ஊசிகள்?

கிலோவுக்கு 2 கிராம் அளவில் ஏற்றியிருந்தால் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிர்க்கிருமி ஊசிகளை 11 மாதம் தள்ளிப் போடுங்கள். ஐவிஐஜியில் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் ஊசியின் கிருமியை வேலை செய்யும் முன்பே அழித்துவிடும். டி.டி. போன்ற உயிரற்ற ஊசிகளுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஐவிஐஜி ஏற்றிய தேதியும் அளவும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.